சிட்டாவில் பெயர் இல்லாத உழவர்

காவிரிப் படுகையில் நெல் விளைவிக்கும் ஒருவரைப் பற்றி அரசுக் கணினிகளில் சேர்ந்திருக்கும் விவரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. மானிய உரம் வாங்கக் கைரேகை வைக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போடச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அதே ஆவணங்கள் மறுபடியும். 2024 செப்டம்பரில் ரூ.2,817 கோடி மதிப்பில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த டிஜிட்டல் வேளாண் இயக்கம், சிதறிக் கிடக்கும் இந்த விவரங்களை ஒரே எண்ணின்கீழ் கொண்டுவரப் பார்க்கிறது. 2025 தொடக்கத்தில் தமிழக கிராமங்களில் முகாம் போட்டுப் பதிவு செய்த தனித்துவ அடையாள எண் அதன் முதல் படி. இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தகவல் கசியுமா என்பதோடு நின்றுவிடுகிறது. டெல்டாவில் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பதிவேடு யாரை உழவர் என்று ஏற்கிறது? இத்திட்டத்தின் நேர்மையை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் இதன் பக்கம் உள்ள நியாயம். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், வெளியூர் நெல்லை லாரியில் இறக்கி உள்ளூர் விவசாயி பெயரில் போடும் வியாபாரிகளைப் பற்றிய புகார் பழையது. அப்படி ஒரு லாரி நுழைந்தால் களத்தில் காத்துக் கிடக்கும் உள்ளூர் நெல் பின்னுக்குப் போய்விடும். சர்வே எண்ணும் சாகுபடிப் பரப்பும் கணினியில் இருந்தால், இரண்டு ஏக்கர்காரர் பெயரில் இருபது ஏக்கர் நெல் போவதைத் தடுக்கலாம். பணம் நேரே வங்கிக் கணக்கில் ஏறுவதால் இடையில் கை நீட்ட வழி குறைகிறது. சம்பா மூழ்கும் ஆண்டுகளில், எந்த வயலில் என்ன பயிர் என்ற நம்பகமான பதிவு நிவாரணக் கணக்கெடுப்பை விரைவாக்கும். தரவே வேண்டாம் என்பவர்கள் இந்தப் பலன்களை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஆனால் பதிவு பட்டாவிலிருந்து தொடங்குகிறது. நிலம் ஒருவர் பெயரிலும் உழவு இன்னொருவர் கையிலும் இருப்பது டெல்டாவில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. கோயில்களுக்கும், தருமபுரம், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களுக்கும் நிறைய நன்செய் உண்டு. ஊரைவிட்டுப் போனவர்களின் நிலமும் உண்டு. தனியார் நிலத்தில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழகத்தில் சட்டம் வந்தும், பெயர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற உடைமையாளரின் பயம் தீரவில்லை. அந்தப் பழைய பயத்தை மென்பொருள் அப்படியே தன் விதியாக்கிக்கொண்டது. பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு ரூ.6,000 நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்கு மட்டுமே. கொள்முதல் நிலையத்திலோ குத்தகைதாரர் நிலத்துக்காரரின் சிட்டாவுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. அந்தச் சான்று நான்கு நாள் தள்ளிப்போனால் களத்தில் குவித்த நெல் பனியில் நனைந்து 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டும். ஒரு மழை பெய்தால் குவியலின் அடி முளைத்துவிடும். அதற்குள் தேடி வரும் வியாபாரி சொன்ன விலைக்கு அளந்துவிட வேண்டியதுதான். வியாபாரியைத் தடுக்க வந்த பதிவு, குத்தகைதாரரை அதே வியாபாரியிடம் கொண்டுபோய் விடுகிறது.

கெடுபிடியைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பார்கள். 2020-ல் தமிழகத்தில் அம்பலமான பி.எம். கிசான் முறைகேடு வேறு பாடம் சொல்கிறது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் பட்டியலில் ஏறினார்கள், ரூ.110 கோடி அளவுக்குப் பணம் போனது. ஆதாரும் வங்கிக் கணக்கும் அப்போதும் இருந்தன. அலுவலர்களின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போனதுதான் ஓட்டை. விவசாயியின் விரலை எத்தனை முறை சோதித்தாலும், சாவி வைத்திருப்பவரைச் சோதிக்காத அமைப்பு அப்படித்தான் ஏமாறும்.

பட்டாவை இணையத்தில் யாரும் பார்க்கலாமே, இதில் என்ன அந்தரங்கம் என்பது அடுத்த வாதம். பட்டா தனியாக இருக்கும்வரை சரி. அதோடு பயிர், அறுவடைக் காலம், கடன், கைபேசி எண் எல்லாம் சேர்ந்தால், யார் எந்த வாரத்தில் எந்த விலைக்கும் விற்கும் நிலையில் இருப்பார் என்று கணக்குப் போட்டுவிடலாம். விதை நிறுவனத்துக்கும் கடன் கொடுப்பவருக்கும் அதைவிட லாபமான செய்தி இல்லை. 2021-ல் ஆறு மாநிலங்களின் 100 கிராமங்களில் விவசாயிகளின் தரவை வைத்து முன்னோட்டம் நடத்த மைக்ரோசாஃப்டுடன் ஒன்றிய அரசு ஒப்பந்தம் செய்தபோது 55 அமைப்புகள் எதிர்ப்புக் கடிதம் எழுதியது இந்தக் கவலையால்தான். அந்தரங்கத்தில் அரசு தலையிடச் சட்டமும் முறையான நோக்கமும் அளவோடு அமைந்த வழியும் வேண்டும் என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மானியம், சலுகை வழங்கும்போது சில நிபந்தனைகளோடு அரசு தனி ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. யூரியா வேண்டுபவருக்குக் கைரேகை மறுக்கும் சுதந்திரம் ஏட்டில்கூட வலுவாக இல்லை.

குத்தகைதாரரைப் பதிந்தால் உடைமையாளர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவார்கள் என்பது கடைசி வாதம், பயம் உண்மையானதும்கூட. அதற்கு வழியும் உண்டு. ஆந்திரம் 2019-ல் கொண்டுவந்த சட்டம், நில உரிமையைத் தொடாமல் 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை தருகிறது. உடைமையாளர் கையெழுத்து அங்கும் தேவைப்படுவது அதன் பலவீனம். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற உழவர் குடும்பங்களையும் கணக்கில் எடுத்தது. தமிழகம் இன்னும் ஓர் அடி போகலாம்: வயலில் இறங்கிப் பயிரைக் கணக்கெடுக்கும்போதே பயிரிட்டவர் பெயரையும் அந்தப் போகத்துக்கு மட்டும் பதியலாம். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணமும் கெடுவும் எழுத்தில் வேண்டும். தன் தரவை எந்த அலுவலகம் எப்போது திறந்தது என்பது உழவருக்குத் தெரிய வேண்டும். இவை நடைமுறைக்கு வரும்வரை, அடையாள எண் இல்லை என்று எவருடைய நெல்லையும் நிவாரணத்தையும் மறுக்கக் கூடாது.