தட்டை மாற்றி நிறுத்துப் பாருங்கள்

2025 ஜனவரியில் உலகெங்கும் பெயர் பரவிய டீப்சீக் என்னும் சீன உரையாடும் நிரலிடம், 1989-இல் தியனன்மென் சதுக்கத்தில் நடந்தது என்னவென்று கேட்டவர்களுக்கு விடை மறுக்கப்பட்டது. இத்தகைய சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது. தயங்காமல் விடையளிக்கும் நிரல்களிலோ அது சொற்களுக்கிடையே மறைந்திருக்கக்கூடும்.

அதனை வெளிக்கொணரப் பலர் மேற்கொள்ளும் வழி, நிரலோடு வாதிட்டு, 'தாங்கள் கூறுவதே சரி' என்று சொல்ல வைப்பது. இது சோதனையாகாது. கேட்பவரோடு இசைந்து போவது இந்நிரல்களின் அறியப்பட்ட குறை. மனிதர்கள் விரும்பிய விடைகளைச் சிறந்தவை எனக் காட்டிப் பயிற்றியது இதற்கு ஒரு காரணம். மாற்றுக் கட்சியினர் வற்புறுத்தினால் அவர்களுக்கும் அது இணங்கிவிடும்.

கைகள் சமமற்ற தராசின் பிழையை அறிய, பொருளைத் தட்டு மாற்றி நிறுப்பது காஸின் முறை அல்லவா? இங்கும் அவ்வாறே செய்யுங்கள். ஒரு வரித் திட்டத்தை விவரித்து, ஆளுங்கட்சியுடையது என்று சொல்லி, அதன் நிறைகுறைகளைக் கேளுங்கள். புதிய உரையாடலொன்றில், எதிர்க்கட்சியுடையது என்று மட்டும் மாற்றி, அதே சொற்களில் கேளுங்கள். ஒன்றுக்குக் கண்டிப்பும் மற்றொன்றுக்குச் சமாதானமும் கிடைத்தால், தராசு சாய்ந்துள்ளது. விடை முறைக்கு முறை மாறுமாதலால், இங்கே ஒரு சோறு பதமாகாது. பலமுறை கேட்டு ஒப்பிடுங்கள்.

தேர்தல் நாளில் வாக்களிப்பவர்கள் நாம், நிரலன்று. ஆகவே அதனிடம் தீர்ப்பைக் கேளாமல் சான்றுகளைக் கேளுங்கள். அச்சான்றுகளையும் மூலத்திலேயே சரிபாருங்கள்.