இடைப்பட்ட எறும்பு

தெய்வத்தைப் பாடினால் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடிப்பார்கள். மனிதரைப் பாடினால் கேசத்தில் தொடங்கிப் பாதத்துக்கு வருவார்கள். நம் புலவர்கள் வகுத்துக்கொண்ட வரிசை அது. எறும்பைப் பாட எங்கே தொடங்குவது என்று அவர்கள் சொல்லிவைக்கவில்லை. என்னைக் கேட்டால் இடையில் தொடங்கலாம். உண்டோ இல்லையோ என்று ஐயப்பட வைப்பதுதான் இடைக்கு அழகு என்று, பெண்ணின் இடையை எத்தனையோ நூற்றாண்டாக இல்லாமல் ஆக்கிக்கொண்டே வந்தது நம் கவிமரபு. அந்தப் புகழ்ச்சியை மிகை என்று சொல்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய உடம்பு எறும்புக்குத்தான் வாய்த்திருக்கிறது.

குளவிக்கும் இடை சிறுத்ததுதானே என்று கேட்கலாம். சிறுத்ததுதான். ஆனால் குளவியின் இடை ஒருமுறை ஒடுங்கி, உடனே வயிறாக விரிந்துவிடும். எறும்பின் இடை ஒடுங்கும், ஒரு சின்னக் கணுவாகப் புடைக்கும், மறுபடி ஒடுங்கும். அந்தக் கணுதான் எறும்பின் முத்திரை. பூச்சியியலாளர்கள் உருப்பெருக்கியின் கீழ் முதலில் தேடுவதும் அதைத்தான்.

நான் பாராட்ட எடுத்துக்கொண்ட இடை, சுமார் 9 கோடி ஆண்டு பழையது. அதன் சொந்தக்காரி ஒரு வேலைக்கார எறும்பு. பெயர் ஸ்பெகோமிர்மா ஃப்ரேயி. இனம் மட்டுமல்ல, அந்தப் பேரினமே பூண்டோடு அற்றுப்போய்விட்டது. பெயரின் முன்பாதி கிரேக்கத்தில் குளவி, அடுத்த பாதி எறும்பு. குளவியெறும்பு என்று தமிழில் சொன்னால் ஏதோ கிராமத்துப் பெயர் போலவே இருக்கிறது.

அதைக் காத்துக் கொடுத்தது அம்பர். அம்பர் என்றதும் நம்மில் பலருக்குத் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் வாசனைப் பொருள்தான் நினைவுக்கு வரும்; கடற்கரையில் கிலோ கணக்கில் பிடிபட்டது என்று அவ்வப்போது செய்தி வருமே, அது. இது வேறு. மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து இறுகிக் கல்லாய்ப் போனது. பெயர் ஒன்றாகிப்போனது உலகம் முழுவதும் நேர்ந்த பழைய குழப்பம்.

1966-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், க்ளிஃப்வுட் பீச் என்ற இடத்தின் கடலோர மேட்டுக் களிமண்ணில், ஃப்ரே என்ற ஓய்வுபெற்ற தம்பதி கனிமக் கற்கள் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொழுதுபோக்குதான். கிடைத்த அம்பர்த் துண்டு ஒன்றுக்குள் இரண்டு பூச்சிகள் இருந்தன. தம்பதி அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளவில்லை, விற்கவும் இல்லை. அது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பேர்டிடம் போயிற்று. அவரிடமிருந்து ஹார்வர்டில் இருந்த பூச்சிப் புதைபடிவ அறிஞர் ஃபிராங்க் கார்பெண்டரிடம் வந்தது. கார்பெண்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் இருந்த எட்வர்ட் வில்சனுக்குத் தொலைபேசினார்.

வில்சனுக்கு அப்போது வயது முப்பத்தேழு. எறும்பே வாழ்க்கை என்று இருந்தவர். அவருடைய பரபரப்பைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். அதுவரை உலகம் அறிந்த மிகப் பழைய அம்பர் எறும்புகள் பால்டிக் கடலோரத்தில் கிடைத்தவை. குஸ்தாவ் மையர் 1868-லும் வில்லியம் மார்ட்டன் வீலர் 1914-லும் அவற்றை அக்கறையாக வரைந்து வகைப்படுத்தியிருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு வயது 4 கோடி ஆண்டைச் சுற்றித்தான். அந்த எறும்புகள் இன்றைய எறும்புகளைப் போலவே இருந்தன. சிலவற்றின் பேரினங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. குளவியிலிருந்து எறும்பு எப்படிப் பிரிந்தது என்று அவற்றிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு டைனோசர் காலத்து எறும்பு வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றுகூட அதுவரை கிடைத்திருக்கவில்லை.

வில்சன் போனார், கையில் வாங்கினார், நடுக்கத்தில் கீழே போட்டுவிட்டார். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 9 கோடி ஆண்டு தாங்கிய கல் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழு எறும்பு. கால் ஒடியவில்லை, கொம்பு முறியவில்லை. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

வில்சன், கார்பெண்டர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிரௌன் மூவரும் 1967-இல் 'சயின்ஸ்' இதழில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். பெயரின் பின்சொல்லில் ஃப்ரே தம்பதி நிலைத்துவிட்டார்கள்.

நான் அந்தத் துண்டுகளை நேரில் பார்த்ததில்லை. நிழற்படங்களும் கோட்டோவியங்களும்தான். இருந்தாலும் அந்தக் கோட்டோவியத்தின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. தேன்நிறப் பிசினுக்குள் நேராகப் பார்ப்பது அத்தனை சுலபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லின் வளைந்த பரப்பு உருவத்தைக் கோணலாக்கிவிடும். எறும்புக்கு மிக அருகே வரை பொறுமையாகத் தேய்த்து, தட்டையாக்கி, மெருகேற்றி, ஒரு சாளரம் திறக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் எறும்பின் கால் போய்விடும். ஓவியத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் அப்படி ஒரு தேய்ப்பு இருக்கிறது.

இடை இருக்கிறது. கணு இருக்கிறது. கணுவுக்குப் பின்னால் அந்த இரண்டாவது ஒடுக்கமும் இருக்கிறது. சந்தேகமில்லை, எறும்புதான். அங்கிருந்து கண்ணை மேலே ஏற்றி மார்புக்கு வந்தால் குளவி தெரிகிறது. சிறகு இல்லை. வேலைக்கார எறும்புக்குச் சிறகு ஏது? ஆனால் இன்றைய வேலைக்கார எறும்புகள் பலவற்றின் மார்பு, சிறகுத் தசைக்கு அவசியமில்லாததால், ஒரே பெட்டியாக இறுகி வழவழத்துக் கிடக்கும். இதற்கு அப்படி இல்லை. மேல்தகடும் அதையடுத்த சின்னத் தகடும் தனித்தனியாக, பொருத்துவாய்க் கோட்டோடு, பறக்கும் பூச்சிக்கு இருப்பது போலவே பிரிந்து நிற்கின்றன. நெசவை விட்டுவிட்ட வீட்டில் தறியைக் கழற்றி விற்ற பிறகும் கூடத்தில் தறிக்குழி மட்டும் கிடக்குமே, அப்படி.

வாய்க்கு வருவோம். எறும்பின் தாடை என்றால் கட்டெறும்பின் தாடையைப் போல முக்கோணமாய், விளிம்பெல்லாம் ரம்பப் பல்லாய் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். எறும்புக்கு அதுதான் மண்வெட்டி, கத்தரி, தொட்டில் எல்லாமே. இதற்கோ குட்டையான, ஒல்லியான, வளைந்த தாடை. பல் இரண்டே இரண்டு. குளவியின் தாடை அது, அச்சு மாறாமல். இடையில் எறும்பு, வாயில் குளவி. ஒரே உடம்பில் ஒரு பக்கம் வேலை முடிந்து பூசி வெள்ளையடித்தாயிற்று. மறுபக்கம் இன்னும் செங்கல்லைத் தொடவே இல்லை.

நான் அதிக நேரம் செலவிடுவது உணர்கொம்பில்தான். இன்றைய எறும்பின் கொம்பைப் பார்த்திருப்பீர்கள். முதல் கண்டம் நீளமான தண்டு. அதன் முனையில் சட்டென்று ஒரு முழங்கை. அங்கிருந்து குட்டைக் குட்டைக் கண்டங்களாக மீதி. இந்த முழங்கைதான் எறும்பின் சமூகத்தையே தாங்குகிறது என்று சொல்லலாம். தண்டு நீண்டு மடங்குவதால் கொம்பின் நுனி தன் வாய்க்கு முன்னாலேயே வந்து நிற்கும். வாயில் கவ்வியிருக்கும் புழுக்குஞ்சைத் தடவிப் பார்க்கலாம். எதிரில் வருகிற இன்னொரு எறும்பின் முகத்தை முகத்தோடு முகமாகத் தொட்டு விசாரிக்கலாம். சுவரோரம் எதிரும் புதிருமாக வரும் இரண்டு எறும்புகள் நின்று நலம் விசாரிப்பது போல் தலையாட்டுவதைப் பார்த்து நின்றவர்களுக்கு அந்த முழங்கையின் அருமை தெரியும். குளவிக்கு அது தேவையில்லை. அதன் தண்டு குட்டை, மீதியெல்லாம் நீண்டு துவளும் நூல்.

ஸ்பெகோமிர்மாவின் கொம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தண்டு நீளத் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்றைய எறும்புக்குப் போதுமான நீளம் இல்லை. முழங்கை மடிகிறது. அதற்கப்பால் மீதிப் பகுதி குளவியுடையதைப் போலவே நீளமாகத் துவள்கிறது. இடையும் வாயும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டன. கொம்பு மட்டும் இன்னும் வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறது.

உண்மையிலேயே வழக்கு நடந்தது. இவ்வளவு குட்டைத் தண்டை வைத்துக்கொண்டு இது புழுக்களைப் பராமரித்திருக்க முடியுமா, கூட்டமாக வாழ்ந்திருக்க முடியுமா என்று சில ஆய்வாளர்கள் கேட்டார்கள். எறும்பு வடிவம் வந்துவிட்டது, எறும்பு வாழ்க்கை வரவில்லை என்பது அவர்கள் வாதம். சிறகில்லாத பெண் உடம்பே வேலைக்காரிக்கு அடையாளம், வேலைக்காரி இருந்தால் அரசியும் கூடும் இருந்திருக்கும் என்பது வில்சனின் பதில். பிசின் மெதுவாகத்தான் சாட்சி சொன்னது. ஸ்பெகோமிர்மாவுக்கு நெருங்கிய, அதைவிடப் பழைய எறும்புகள் மியான்மரின் அம்பரில் கிடைத்தன. ஒரே துண்டில் ஒரே இனத்து வேலைக்கார எறும்புகள் கூட்டமாகச் சிக்கியிருப்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தண்டின் நீளத்தை வைத்து ஒரு சமுதாயம் இருந்ததா இல்லையா என்று அரை நூற்றாண்டு வாதாடியிருக்கிறார்கள். நம் உரையாசிரியர்கள் ஓர் உருபை வைத்துக்கொண்டு செய்கிற சண்டைக்கு இது சற்றும் குறைந்ததில்லை.

இன்னும் ஒரு நுட்பம். மார்பின் பின்மூலையில், கடைசிக் காலுக்கு மேலே, எறும்புகளுக்கு மட்டும் ஒரு சுரப்பி உண்டு. வேறெந்தப் பூச்சிக்கும் கிடையாது. அதில் ஊறும் நீர் பூஞ்சணத்தையும் கிருமியையும் அடக்கும். ஈரமண்ணுக்குள் நெருக்கியடித்து வாழும் கூட்டத்துக்கு அது வேண்டியிருக்கிறது. அதன் சிறிய வாய் ஸ்பெகோமிர்மாவில் தெரிவதாக 1967-லேயே எழுதினார்கள். அதே நியூ ஜெர்சியில் சேர்வில் என்ற ஊரின் களிமண் குழிகளில் பின்னர் கிடைத்த மாதிரிகளைப் பார்த்து டேவிட் கிரிமால்டி குழுவினர் 1997-இல் அதை உறுதி செய்தார்கள். மாவிலைகளைப் பட்டிழையால் தைத்து மரத்திலேயே கூடு கட்டும் நம் முசுறு எறும்பு இந்தச் சுரப்பியைப் பிற்காலத்தில் தொலைத்துவிட்டது. 9 கோடி ஆண்டுக்கு முந்தைய குளவியெறும்பிடம் இருப்பது முசுறிடம் இல்லை.

முசுறைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதே சேர்வில் அம்பரிலிருந்து 2000-இல் இன்னொரு எறும்பை விவரித்தார்கள். கைரோமிர்மா என்று பெயர். அது முசுறும் கட்டெறும்பும் சேர்ந்த துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் அடையாளம், கொடுக்குக்குப் பதிலாக வயிற்று நுனியில் அமிலம் பீய்ச்சும் ஒரு சின்ன வளையம். அந்த வளையமும் அம்பரில் தெரிகிறது. அதாவது, ஸ்பெகோமிர்மா வாழ்ந்த காட்டு வட்டாரத்திலேயே 'முடிந்த' எறும்பும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்பெகோமிர்மா அதற்குப் பாட்டி இல்லை, பெரியம்மா வழி. இத்தனை நேரம் நான் 'இன்னும் செங்கல்லைத் தொடவில்லை', 'வழக்கு நடக்கிறது' என்றெல்லாம் எழுதியது என் பக்கத்துப் பார்வைதான். இரண்டு பல் தாடை குளவியெறும்புக்குப் போதுமானதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு அதன் இனம் நியூ ஜெர்சியில் வாழ்ந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த அம்பர் எறும்பு ஒன்றையும் 1985-இல் வில்சன் அதே பேரினத்தில் சேர்த்து விவரித்தார்; பின்னாளில் அதை வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மியான்மர் அம்பரில் 'நரக எறும்புகள்' என்று ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது. மேல்நோக்கி வெட்டும் அரிவாள் தாடை, தலையில் உணர்கொம்பு போக இன்னொரு கொம்பு, ஒன்று இரையைக் கவ்வியபடியே பிசினில் மாட்டியிருக்கிறது. செய்தித்தாள்களுக்கு அவைதான் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஒரு தடவை பார்க்க. திரும்பத் திரும்பப் பார்க்க இந்த அடக்கமான குளவியெறும்புதான்.

அம்பர் சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிடக் கூடாது. மண்ணுக்குள் இருந்தவரை சரி. வெளியே எடுத்ததும் காற்றும் வெளிச்சமும் பட்டு மெல்ல மெல்ல வெடிப்பு விடும், கறுக்கும். நியூ ஜெர்சி அம்பர் எளிதில் நொறுங்கும் வகை. அதனால் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அங்கிருந்து வரும் துண்டுகளை நிறமில்லாத செயற்கைப் பிசினில் பதித்துவிட்டுத்தான் தேய்க்கவே தொடங்குகிறார்கள். பிசினுக்குள் பிசின், அதற்குள் எறும்பு.

வகைப்பாட்டியலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஓர் உடம்பைத்தான் அந்தப் பெயருக்கு மூலமாக வைப்பார்கள். உடன் கிடைத்தவை துணை மாதிரிகள். வில்சன் தரையிலிருந்து பொறுக்கிய இரண்டு துண்டுகளுக்கும் அப்படித்தான் நடந்தது. ஒன்றில் இருப்பவள் மூலம், மற்றதில் இருப்பவள் துணை. இரண்டு பேரும் வேலைக்காரிகள். ஒரே மரத்தில், ஒரே பிசின் வடிசலில் காலை வைத்தவர்கள். ஒரே கூட்டில் பிறந்த அக்கா தங்கையாகவும் இருந்திருக்கலாம்.