கொலைகாரனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

கதாநாயகன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் பிடிவாதம் பிடித்ததில்லை. அயோக்கியனைப் பற்றி நன்றாக எழுதியிருந்தால் விடிய விடியப் படிக்கிறேன். நல்லவனைப் பற்றி அசட்டுத்தனமாக எழுதியிருந்தால் மூடி வைத்துவிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சார்லி சாப்ளினின் 'மான்ஸியர் வெர்டூ' எனக்குப் பிடிக்கவில்லை என்றதும், "கொலைகாரனைக் கண்டு பயந்துவிட்டீராக்கும்" என்று ஒரு நண்பர் சிரித்தார். பயப்படவில்லை, ஐயா. பயப்பட விடவில்லையே என்பதுதான் என் குறை.

முதல் உலக யுத்த காலத்தில் பிரான்ஸில் லாண்ட்ரு என்று ஒருவன் இருந்தான். பத்திரிகையில் கல்யாண விளம்பரம் கொடுப்பான். வந்த பெண்களின் சொத்தைப் பறித்துக்கொண்டு அவர்களைத் தீர்த்துவிடுவான். பத்துப் பெண்களையும் ஒரு பையனையும் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1922-ல் அவன் தலை போயிற்று. இவனை வைத்துப் படம் எடுக்கலாம் என்ற யோசனை ஆர்ஸன் வெல்ஸுடையது. சாப்ளின் அதை வாங்கித் தம் வழியில் கதை எழுதி, தாமே நடித்து, 1947-ல் வெளியிட்டார். கொலைகளைப் பற்றிய ஹாஸ்யம் என்றே படத்துக்கு உபதலைப்பும் கொடுத்தார்.

நியூயார்க்கில் முதல் காட்சியிலேயே கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலில் பாதி, படத்தைப் பற்றியதல்ல. சாப்ளின் இடதுசாரி என்ற கோபம். படம் அமெரிக்காவில் ஓடவில்லை. ஆனாலும் ஜேம்ஸ் ஏஜி போன்ற விமரிசகர்கள் அதற்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார்கள். 1964-ல் அங்கே மறுபடி திரையிட்டபோது ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். ஆகையால் கூச்சல் போட்டவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம்.

வெர்டூ முப்பது வருஷம் பாங்கிக் குமாஸ்தாவாக இருந்தவன். 1930-ன் பொருளாதார மந்தத்தில் வேலை போகிறது. பணக்காரப் பெண்களை மணந்து கொல்வதையே தொழிலாகக் கொள்கிறான். நோட்டுக் கட்டை அவன் எண்ணும் வேகத்தைப் பாருங்கள்! வேலைதான் போயிற்று, விரல்கள் இன்னும் குமாஸ்தாவின் விரல்கள். இந்த ஒரு சைகையில் ஒரு நாவலே இருக்கிறது.

லீடியா என்ற கிழவியின் கட்டம் இன்னும் நன்றாயிருக்கிறது. பாங்கியிலிருந்து பணத்தை எடுக்க வைத்தாயிற்று. இரவு, ஜன்னலண்டை நின்று நிலவை ரசிக்கிறான். பிறகு அவள் அறைக்குள் போகிறான். சங்கீதம் உயர்கிறது, பொழுது விடிகிறது. கீழே வந்து இரண்டு பேருக்குக் காலை ஆகாரம் எடுத்து வைக்க ஆரம்பித்தவன், ஞாபகம் வந்து ஒருவருடையதைத் திரும்ப எடுத்துவிடுகிறான். சிரித்தேன், சிரித்த பிறகு முதுகு சில்லிட்டது. படம் முழுவதும் இப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

ஆனால் சாப்ளினுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு கொடியவனை ஜனங்களிடம் தனியே அனுப்பத் தயங்குகிறார். கையில் சிபாரிசுக் கடிதங்களைக் கொடுத்து அனுப்புகிறார். முதல் கடிதம், சக்கர நாற்காலியில் நடமாட்டம் இல்லாத மனைவி. இரண்டாவது, சின்னஞ்சிறு மகன். மூன்றாவது, ஓர் அநாதைப் பெண். விஷத்தைப் பரீட்சை பார்க்க அவளை அழைத்து வந்தவன், அவள் கதையைக் கேட்டு மனம் இளகி விட்டுவிடுகிறான். தோட்டத்தில் கம்பளிப்பூச்சியை மிதிக்காமல் அவன் விலகும் இடம் இருக்கிறதே, அது சிபாரிசில் சேர்த்தியில்லை. பின்னால் மூன்று நாளாகச் சூளை புகைகிறது. உள்ளே எரிவது இன்னதென்று நமக்குத் தெரியும். அங்கே அவனுடைய கருணையே பயங்கரமாக இருக்கிறது. மற்ற இடங்களில் கருணை வெறும் கருணைதான். ஆகவே கதை தளர்ந்துபோகிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். லீடியா சிடுமூஞ்சி. அன்னபெல்லா ஓயாத வாயாடி. ஏரியில் படகேற்றி அவளைத் தள்ளப்போய் வெர்டூவே தண்ணீரில் விழும்போது வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். செத்தவர்களில் நாம் பிரியம் வைத்தவள் ஒருத்தியும் இல்லை. தராசில் ஒரு தட்டைத் தூக்கி, மறு தட்டை அழுத்துவது போலத்தான் இது.

அந்த மனைவியும் மகனும் என்ன ஆனார்கள்? அவர்களை இழந்துவிட்டதாக அவன் வாயால் ஒரு பேச்சோடு சரி. யாருக்காகக் கொலை செய்தானோ அவர்கள் போனது கதைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கடிதத்தின் வேலை முடிந்தது, கிழித்துப் போட்டாயிற்று.

கடைசியில் கோர்ட்டில் பிரசங்கம். உலகமே பெருவாரியான கொலைக்கு ஆயுதம் செய்கிறது, அதன் முன் நான் கற்றுக்குட்டி என்கிறான். ஹிரோஷிமாவுக்கு இரண்டே வருஷம் கழித்து வந்த படம், சொன்னது நிஜம். ஆனால் அந்த நிஜத்தைச் சொல்பவன் வெர்டூ அல்ல, சாப்ளின். உலக யுத்தத்தில் கோடிப் பேர் செத்ததால் லீடியாவின் சாவு சின்னதாகிவிடுமா? அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1949-ல், இங்கிலாந்தில் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' வந்தது. பிரபுப் பட்டத்துக்காக உறவினரை ஒழிக்கும் ஒருவன் கதை. அவனுக்கும் மனக்குறை உண்டு. தாயாரைக் குடும்பம் தள்ளிவைத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லி அவன் நம் கண்ணீரைக் கேட்பதில்லை. அந்த இரக்கமற்ற மரியாதை படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

இத்தனை கண்டிப்பாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். குற்றம் செய்தவன் என்ற யோக்கியதைதான். ஒரு வட்டிக்கடைக்காரனைப் பற்றிக் கதை எழுதினேன். முதலில் எழுதியபோது அவனிடம் ஈவிரக்கம் என்பதே கிடையாது. அனுப்பும் சமயத்தில் வாசகர்கள் முகம் சுளிப்பார்களே என்று பயம் வந்து, அவனுக்குக் கால் விளங்காத ஒரு மகளைக் கொடுத்தேன். பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. ஒரே ஓர் அம்மாள் மட்டும், "அந்தப் பெண் இல்லாவிட்டால் அவன் யார்?" என்று கேட்டிருந்தார். பதில் எழுதவில்லை. வெர்டூவின் வீட்டில் அந்தச் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

சாகப் போகுமுன் வெர்டூவுக்கு ரம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்கிறவன், இதுவரை ருசி பார்த்ததில்லையே என்று வாங்கிக் குடிக்கிறான். கோர்ட்டில் அத்தனை பேசியும் தெரியாத மனிதன் அந்த ஒரு மிடறில் தெரிந்துவிடுகிறான். சாப்ளினுக்கு வழி தெரியாமல் இல்லை, நம்பிக்கைதான் போதவில்லை.

என் கதை அடுத்த பதிப்புக்கு வரும்போது அந்த மகளை எடுத்துவிடப் போகிறேன். வட்டிக்கடைக்காரன் தனியாகவே வாசகர்களிடம் வரட்டும்.