சுட்ட கதையும் சுடாத படமும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். கிழக்கே திரும்பினால் நல்லவாடும் கடலும். மேற்கே போனால் அபிஷேகப்பாக்கம். பெரிய நடிகரின் படம் வெளியான வாரத்தில் இந்தச் சந்திப்பின் டீக்கடைகளில், படம் நன்றாயிருக்கிறதா என்ற கேள்வி இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். நின்று பேசப்படுவது அடுத்த கேள்விதான்: "எந்தப் படத்துலேருந்து சுட்டது?" கொரியன் என்பார் ஒருவர். இல்லை, ஸ்பானிஷ் என்பார் இன்னொருவர். இதையெல்லாம் பாக்யராஜ் எப்பவோ எடுத்துட்டாரு என்று மூத்தவர் ஒருவர் இருவரையும் அடக்குவார். அட்டக் காப்பி, ஈயடிச்சான் காப்பி, தழுவல், 'இன்ஸ்பிரேஷன்' என்று குற்றத்துக்கேற்ற பிரிவுகளும் அங்கே தயாராக உண்டு.

வெட்டிப்பேச்சு என்று இதை ஒதுக்கத் தோன்றும். ஆனால் இந்தப் பேச்சுக்கு உச்ச நீதிமன்றத்தின் சான்றே இருக்கிறது.

'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற தன் நாடகத்தைத் திருடித்தான் 'நியூ டெல்லி' (1956) என்ற இந்திப் படத்தை எடுத்தார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் வழக்குப் போட்டார். டெல்லியில் பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, தமிழ்க் குடும்பம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு காதல். நாடகத்திலும் அதுதான், வைஜயந்திமாலாவும் கிஷோர் குமாரும் நடித்த படத்திலும் அதுதான். 1978இல் வந்த தீர்ப்பு இன்றுவரை இந்தியத் திரையுலகின் கதைத் திருட்டு வழக்குகளுக்கெல்லாம் அடிப்படை. கருவுக்கும் யோசனைக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. அது வடிவம் பெற்ற விதத்துக்குத்தான் உரிமை என்றது நீதிமன்றம். நகலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டையும் பார்த்த அல்லது படித்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்ற எண்ணம் ஐயமின்றி எழ வேண்டும். அதுவே உரைகல். ஆனந்த் தோற்றுப்போனார்.

ஆக, தீர்ப்புச் சொல்லும் தகுதியைச் சட்டம் பண்டிதருக்குத் தரவில்லை, பார்வையாளருக்குத்தான் தந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, அவர் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். நம் ரசிகர் விவாதத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு நிபந்தனையில்தான் தொங்குகின்றன.

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். 'அவ்வை சண்முகி' (1996) வந்தபோது 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) பார்த்திருந்தவர்கள் நகரத்தில் ஒரு சிறு கூட்டம். 'தெனாலி'க்கு (2000) முன்னால் 'வாட் அபௌட் பாப்?' (1991) என்றொரு படம் இருந்ததும், 'கஜினி'க்கு (2005) முன்னால் கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ' (2000) இருந்ததும் பெரும்பாலோருக்கு யாராவது சொல்லித்தான் தெரிந்தது. சிடி கடைகளும் பிறகு ஓடிடியும் இந்த இடைவெளியை மூடின. 'தெய்வத்திருமகள்' (2011) வெளியான நாளிலிருந்தே 'ஐ ஆம் சாம்' (2001) என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு திரிந்தது. பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டது என்று படமெடுப்பவருக்கும் தெரிந்தபின் போக்கு மாறியது. பிரெஞ்சுப் படமான 'நுய் பிளான்ஷ்' முறையாக 'தூங்காவனம்' (2015) ஆனது. இன்னொரு பிரெஞ்சுப் படமான 'தி இன்டச்சபிள்ஸ்' உரிமை வாங்கப்பட்டு 'தோழா' (2016) ஆனது. 'லியோ' (2023) தொடங்கும்போதே டேவிட் குரோனன்பெர்க்கின் 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' (2005) படத்துக்கு மரியாதை செய்யும் அட்டை வந்துவிட்டது.

முழுப் பெருமையும் ரசிகர்களுக்கே என்று சொல்ல முடியாது. ஹாலிவுட் நிறுவனங்கள் இந்தியாவில் கடை விரித்தபின் வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டு இயக்குநர்களே நம் படங்களைப் பார்க்கத் தொடங்கியது இன்னொரு காரணம். ஜெரோம் சால் என்ற பிரெஞ்சு இயக்குநர் 2018இல் பாரிஸ் தியேட்டர் ஒன்றுக்குப் போய்ப் பவன் கல்யாணின் 'அஞ்ஞாதவாசி'யைப் பார்த்தார். தன் 'லார்கோ வின்ச்' (2008) படம் தெலுங்கு பேசுவதைக் கண்டு கேலியாகப் பதிவு போட்டார். மறு ஆண்டு 'சாஹோ' வந்தபோதும் அவருக்கு அதே வேலை. ஆனாலும் ரசிகர்கள் விடாமல் துப்புத் துலக்கியிராவிட்டால் இந்த அட்டைகளில் பாதி வந்திருக்காது.

இனிப் பலவீனம்.

ஒன்று போலிருப்பதையெல்லாம் ஒன்றிலிருந்து வந்ததாக நினைப்பது முதல் கோளாறு. 'லியோ' சமயத்தில் ரஜினி ரசிகர்கள் ஒரு கணக்கை எடுத்து விட்டார்கள். அமைதியான குடும்பஸ்தன், அவனுக்குள் ஒளிந்திருக்கும் பழைய தாதா. 'பாட்ஷா' வந்தது 1995இல். குரோனன்பெர்க் படத்துக்கு மூலமான சித்திர நாவலே 1997இல்தான் வெளியானது. அப்படியானால் ஹாலிவுட்தான் 'பாட்ஷா'விடமிருந்து சுட்டது! கணக்கு சரி, முடிவு வேடிக்கை. 'பாட்ஷா'வின் விதையோ 'ஹம்' (1991) என்ற இந்திப் படத்துக்காகப் பேசப்பட்டு, அதில் இடம்பெறாமல் போன ஒரு காட்சி. இப்படிப் பின்னோக்கி நூல் பிடித்துப் போனால் அஞ்ஞாதவாச பாண்டவர்களிடம் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும்.

2020 பிப்ரவரியில் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் வாங்கியதும், அது 1999இல் விஜய் நடித்த 'மின்சார கண்ணா'வின் காப்பி என்று பேச்சு கிளம்பியது. வழக்குப் போடப்போவதாகத் தயாரிப்பாளர் தேனப்பனே சொன்னார். குடும்பத்தோடு வேலைக்காரர்களாக ஒரு பணக்கார வீட்டுக்குள் நுழைவது இரண்டிலும் உண்டுதான். ஒன்று காதல் கைகூடுவதற்காக, மற்றொன்று வயிற்றுப்பாட்டுக்காக. இரண்டையும் முழுதாகப் பார்த்த எவருக்கும் உச்ச நீதிமன்றம் சொன்ன அந்த ஐயமற்ற எண்ணம் எழ வாய்ப்பில்லை.

தங்கள் நாயகரை எல்லாவற்றுக்கும் மூலவராக்குவது இதே கோளாறின் மறுபக்கம். 'அன்பே சிவம்' (2003) படத்தில் சுனாமி பற்றிய பேச்சு வரும். மறு ஆண்டு டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்தது. கமல் முன்கூட்டியே சொன்னார் என்று ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். தவளக்குப்பத்தில் நின்று அதைச் சொல்வது கொஞ்சம் அதிகம். பக்கத்து நல்லவாட்டில் எச்சரிக்கை வந்தது சிங்கப்பூரிலிருந்து. அங்கே வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து போன் போட, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். 'அன்பே சிவம்' கதையின் எலும்புக்கூடு 'பிளேன்ஸ், டிரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' (1987) படத்துடையது. வீதி நாடகமும் தொழிற்சங்கமும் சுவரோவியமும் அந்தப் படத்தில் எங்கே இருந்தன என்று கேட்டிருந்தால் கமலுக்கு உண்மையான பெருமை கிடைத்திருக்கும்.

எலும்புக்கூட்டோடு விவாதத்தை முடித்துக்கொள்வதுதான் இரண்டாவது, இன்னும் பெரிய கோளாறு. 'அந்த நாள்' (1954) படத்தை எடுத்துக்கொள்ளலாம்.  அதன் இயக்குநர் எஸ். பாலசந்தர் குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) பார்த்துத் தூண்டப்பட்டவர். ஒரே சாவுக்கு ஆளுக்கொரு கதை என்ற அமைப்பு அங்கிருந்து வந்தது. ஆனால் 'ரஷோமோன்' முடியும்போது உண்மை யாருக்கும் தெரியாது. 'அந்த நாள்' முடியும்போது கொன்றது யார், ஏன் என்று தெரிந்துவிடும். ஜப்பான் சென்னை மீது குண்டு வீசிய நாட்கள், எதிரிக்கு உளவு சொல்லும் ரேடியோ இன்ஜினீயராக சிவாஜி, நாட்டுக்காகக் கணவனைச் சுடும் மனைவியாகப் பண்டரிபாய். உண்மை என்று ஒன்று உண்டா என்ற ஜப்பானியப் படத்தின் கேள்வி, தேசமா தாலியா என்ற கேள்வியாக மாறிவிட்டது. பாட்டே இல்லாமல் அதை எடுத்த துணிச்சல் வேறு. காப்பி என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் காணாமல் போகிறது.

'நாயகன்' (1987) விவாதம் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை. கொப்போலாவின் 'காட்ஃபாதர்' (1972) காட்சிகளின் நிழல் அதில் விழுந்திருப்பது உண்மை, மறைக்கவும் முடியாது. ஆனால் வேலு நாயக்கரின் முடிவு கொப்போலாவிடம் வாங்கியதல்ல. தான் கொன்ற போலீஸ்காரரின் மனவளர்ச்சி குன்றிய மகனை வேலு வளர்க்கிறார். அவன் கையாலேயே சாகிறார். படத்தின் அறக்கேள்வி முழுவதும் அந்த ஒரு முடிச்சில் இருக்கிறது, அது மணிரத்னத்தின் முடிச்சு. தாராவியை அரங்கமாகக் கட்டிய தோட்டா தரணிக்கும் அதன் மீது வெளிச்சம் விழுந்த விதத்தைத் தீர்மானித்த பி.சி. ஸ்ரீராமுக்கும் தேசிய விருது கிடைத்தது. காப்பியா இல்லையா என்று சண்டை போடும் பல மணி நேரப் பேச்சில் இந்த இருவர் பெயரும் பெரும்பாலும் வருவதே இல்லை. கதையை மட்டுமே படம் என்று எடுத்துக்கொள்வதன் விளைவு இது.

இதே மணிரத்னம் கர்ணனை எடுத்துத் 'தளபதி' (1991) செய்தபோது யாரும் சுட்டது என்று சொல்லவில்லை; சொன்னால் சிரிப்பார்கள். தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கும் பழக்கம் நம் மேடைக்குப் புதிதல்ல. நல்ல படத்துக்குப் புதுச்சேரி அரசு தரும் விருது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கிறது. 1922இல் புதுச்சேரியில் மறைந்த அவர் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' கதைகள் முன்வரிசையில் உட்கார்ந்த குழந்தைக்கும் தெரியும். அவருடைய சொந்தச் சரக்கு பாட்டிலும் தர்க்கத்திலும் இருந்தது. இதிகாசத்திலிருந்து எடுத்தால் தழுவல், ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்தால் திருட்டு என்பதில் ஒரு நியாயம் உண்டு. வியாசருக்கு ராயல்டி பாக்கி கிடையாது. ஆனால் அது காசுக் கணக்கு. கலைக் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிறது.

'கஜினி'யைக் காசுக் கணக்கில் பார்த்தால் அதன் இயக்குநர் முருகதாஸுக்கு நியாயம் சொல்ல வழியில்லை. பச்சை குத்திய உடம்பும் புகைப்படங்களும் சில நிமிடமே தங்கும் நினைவும் நோலனுடையவை. கலைக் கணக்கில், பின்னோக்கி ஓடும் புதிரைக் கழற்றிவிட்டு கல்பனா என்ற பெண்ணை நடுவே வைத்தது அவருடைய வேலை. படம் ஓடியது அவளால்தான்.

'லியோ' இதற்கு நேர் எதிர். லோகேஷ் கனகராஜ் நன்றி அட்டை போட்டுவிட்டார். காசுக் கணக்கில் நாணயம். ஆனால் குரோனன்பெர்க் படத்தில் கடைக்காரன் தான் யாரென்று பாதியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவான். மீதிப் படம் மனைவி அவனை எப்படிப் பார்ப்பாள் என்பது பற்றியது. 'லியோ' அந்த ஒப்புதலைக் கடைசி வரை இழுத்து, நாயகனுக்கு விசில் வாங்கும் இடமாக மாற்றுகிறது. மூலத்தின் உயிர் எதுவோ அதை விட்டுவிட்டு அதன் சண்டைகளை எடுத்துக்கொண்ட படம் அது. திருட்டு இல்லை, பலவீனமான தழுவல். இந்தத் தீர்ப்பை எட்ட மறுபடியும் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய இரண்டு நிமிட வீடியோ போதாது.

விசுவாசம் குறுக்கே வருவதைச் சொல்லவே வேண்டாம். எதிரணி இயக்குநர் செய்தால் திருட்டு, தன் நடிகர் செய்தால் ஹோமேஜ். புதுச்சேரியில் புஸ்ஸி தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. ஆனந்த், விஜய் மக்கள் இயக்கத்தை நடத்தி, அது கட்சியானபோது அதன் பொதுச் செயலாளரானார். ரசிகர் மன்றம் கட்சியாகும் மண்ணில் படத்தைப் பற்றிய கருத்தும் கட்சிக் கருத்தாகிவிடுவதில் வியப்பில்லை.

எல்லாவற்றையும் விட மோசமான கோளாறு, அயல்நாட்டு மூலத்தைத் தேடுவதில் இருக்கும் வேகம் உள்ளூர் எழுத்தாளன் விஷயத்தில் இல்லாதது. 'கத்தி' (2014) தன் கதை என்று சொன்ன கோபி நயினார் 2017இல் 'அறம்' எடுத்துத் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. 'சர்கார்' (2018) தன் 'செங்கோல்' கதையிலிருந்து வந்தது என்று வருண் ராஜேந்திரன் புகார் கொடுத்தார். பாக்யராஜ் தலைமையிலான எழுத்தாளர் சங்கம் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னது. பட வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன் உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி அவர் பெயருக்கு ஒரு அட்டை கிடைத்தது. 1996இல் 'இனிய உதயம்' இதழில் வந்த தன் 'ஜூகிபா' கதைதான் 'எந்திரன்' (2010) என்று ஆரூர் தமிழ்நாடன் போட்ட வழக்கை 2023இல் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை இதே விவகாரத்தில் படத்தின் இயக்குநர் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் இரு தரப்பும் அடித்துப் பேசலாம். 'எந்திர'னைப் பத்து முறை பார்த்தவர்கள் அங்கே நிறைய உண்டு. 'ஜூகிபா'வைப் படித்தவர் ஒருவராவது உண்டா?

கொரிய மூலத்தைக் காட்சி காட்சியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு தமிழ்ச் சிறுகதையைத் தேடிப் படிப்பது பெரிய வேலையல்ல. அடுத்த படத்தின் டைட்டில் ஓடும்போது 'கதை' என்று வரும் அட்டையில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். விவாதத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.