'ரெபோந்த்ர்': விடையும் பிணையும்

பிரெஞ்சு மொழியில் பொறுப்பினைக் குறிக்கும் 'ரெஸ்போன்சபிலிதே' என்னும் பெயர்ச்சொல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்கூன்றியது. அதற்கு அடியான 'ரெபோந்த்ர்' என்னும் வினையோ பழம்பிரெஞ்சிலேயே உள்ளது. இவ்வினைக்கு 'விடையளித்தல்' என்று மட்டும் பொருள்கொண்டு, பொறுப்பாவது விடையளிக்கும் ஆற்றலே என விளக்குவோர் பலர். கேட்க இனிய இவ்விளக்கம் வேரைத் தொடவில்லை.

இலத்தீன் 'ரெஸ்போந்தேரே' என்பதில் 'ரெ' என்னும் முன்னொட்டு எதிர்நிலையைக் குறிக்கும். 'ஸ்போந்தேரே' என்பது கட்டுப்படும் உறுதிமொழி தருதல். உரோமச் சட்டத்தில் ஒருவர் இவ்வினையால் 'உறுதி தருகிறாயா?' என வினவ, மற்றவர் அதே வினையால் 'தருகிறேன்' என்றால் கடப்பாடு பிறந்துவிடும். ஆக, அங்கு விடையே பிணை. பிற வினைகளை அயலாரும் கிரேக்கத்திலும் ஆளலாம். இவ்வினை மட்டும் உரோமக் குடிகளுக்கே உரியது, கிரேக்கத்தில் முறையாகப் பெயர்க்கவும் இயலாதது என்கிறார் 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ். மொழிபெயர்ப்பாளர் சிந்திக்கத்தக்க கூற்று இது. மணமகளாக உறுதிசெய்யப்பட்டவளைக் குறித்த 'ஸ்போன்சா' என்பதே பிரெஞ்சில் 'எபூஸ்' (மனைவி) ஆயிற்று.

எனினும் செவ்வியல் இலத்தீனிலேயே 'ரெஸ்போந்தேரே' பெரிதும் வெறும் மறுமொழியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. எனவே வேர்ப்பொருள் இடையறாது வாழ்ந்தது எனல் மிகையாகும். பிரெஞ்சில் வேறுபாட்டைக் காட்டுவது முன்னிடைச்சொல்லே: 'ஆ' வரின் விடையளித்தல், 'து' வரின் பிணைநிற்றல். 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1384ஆம் பிரிவு (2016 முதல் 1242), ஒருவர் தாம் 'ரெபோந்த்ர்' செய்யவேண்டியவர்கள் விளைத்த கேட்டுக்கும் பொறுப்பாவார் என்கிறது. மகன் செய்த சேதத்துக்குத் தந்தை ஈடு தருவது விடையன்று. தெரிதாவும் 1994இல் வெளியான நட்பின் அரசியல் பற்றிய நூலில் இம்முன்னிடைச்சொற்களின் வேறுபாட்டைக் கொண்டே பொறுப்பினை ஆராய்கிறார்.

இத்தகைய நூல்களைத் தமிழாக்குவோர் எவ்விடத்தும் 'பொறுப்பு' என்றே எழுதிச் செல்லின் இவ்வேறுபாடு மறையும். 'பொறு' என்னும் அடி சுமத்தலையும் தாங்கலையும் குறிப்பது, வாய்திறவாமலும் பொறுக்கலாம். மாறாக, வடசொல்லாயினும் 'உத்தரவாதம்' விடையென்னும் பொருளுடைய 'உத்தர'த்தைத் தன்னுட்கொண்டு பிணையையும் சுட்டுகிறது. தூய்மை கருதி அதனை ஒதுக்கின், 'து' வருமிடத்துப் 'பிணைநிற்றல்' என்பதே பொருந்தும். அங்குப் 'பதிலளித்தல்' எனப் பெயர்ப்பது பிழையேயாகும்.