துண்டை எறிய வேண்டிய கை

1975 அக்டோபர் 1, மணிலாவை ஒட்டிய கேசான் சிட்டியின் அரனெட்டா அரங்கம். முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் 14 ரவுண்டு முடித்துவிட்டுத் தத்தம் மூலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஃபிரேசியரின் வலது கண் வீங்கி மூடிக்கொண்டுவிட்டது. இடது கண்ணில் அவருக்குப் பல ஆண்டுகளாகவே பார்வை மங்கல். அலியின் கை கிளம்புவதே தெரியாமல் குத்து மட்டும் முகத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, மூன்றே நிமிடம்தான் பாக்கி. போயே தீருவேன் என்று துடித்தார் ஃபிரேசியர். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. நடுவரிடம் சொல்லிச் சண்டையை நிறுத்திவிட்டார். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தவரை, அவருடைய சம்மதமே இல்லாமல் ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்த முடிவு அது. குத்துச்சண்டையை நேசிப்பவர்களில் ஃபட்ச் செய்தது தவறு என்று சொல்பவர்களை இன்று காண்பது அரிது.

ஆபத்தான மோதல் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே வாதம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. மூளையைக் குலைக்கிற விளையாட்டு நாகரிகச் சமூகத்துக்கு எதற்கு, தடைசெய்யுங்கள் என்கிறது ஒரு கட்சி. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1980-களிலிருந்து அந்தப் பக்கம் நிற்கிறது. வயதுவந்தவர் தன் உடம்பை என்ன செய்தால் உங்களுக்கென்ன, அது அவரவர் விருப்பம் என்கிறது மறு கட்சி. இருவரும் ரிங்கின் வாசலில் நின்றே வாதாடுகிறார்கள். உள்ளே போகலாமா, கூடாதா என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு நகர்வதில்லை. உள்ளே நுழைவது வயதுவந்த ஒருவரின் சொந்த முடிவு, அதில் அரசு குறுக்கே நிற்க வேண்டியதில்லை என்பதே என் கட்சியும். ஆனால் நுழைந்த பின், தொடர்ந்து ஆடுவதா இறங்குவதா என்ற முடிவை அவரிடம் விட்டுவைக்கக் கூடாது. தனிமனித விருப்பத்தை மதிப்பவர்கள்தான் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலையேற்றத்தில் உயிர் போகிறது, மோட்டார் பந்தயத்திலும் போகிறது, குத்துச்சண்டையை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மலையில் தவறி விழுவது விபத்து. குத்துச்சண்டையிலோ எதிராளியை நினைவிழக்கச் செய்வதுதான் ஆகப் பெரிய வெற்றி. தாடையின் ஓரத்தில் ஒரு ஹூக் விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. மண்டையோடு திரும்பிய வேகத்துக்கு உள்ளே இருக்கும் மூளை திரும்புவதில்லை, ஒரு கணம் பின்தங்குகிறது. அந்த இழுபறியில் நரம்பிழைகள் முறுக்கேறுகின்றன. மூளையின் மேற்பரப்பிலிருந்து உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அறுந்துவிட்டால், ரத்தம் கசிந்து கட்டியாகி மூளையை அழுத்தத் தொடங்கும். ரிங்கில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ரத்தக்கட்டிதான் காரணம். ஹெட்கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது புருவம் கிழியாமல் தடுக்கும், காதைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை மட்டும் நிறுத்தாது. கையுறையின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1867-இல் வந்த குவீன்ஸ்பரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால் குத்துபவரின் விரலெலும்புதான் முதலில் உடையும். அந்தப் பயம் போனதும் தலையைக் குறிவைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் குத்தலாம் என்றாகிவிட்டது.

இவை அன்றைக்கே தெரிந்துவிடுகிற சேதங்கள். மெல்ல வருகிற சேதம் இன்னும் பொல்லாதது. 1928-இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், பழைய குத்துச்சண்டை வீரர்களிடம் தள்ளாட்டமும் நாக்குழறலும் மந்தமும் தெரிவதை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். ரிங்கைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு அது பழகிய காட்சி, மருத்துவ உலகத்துக்குத்தான் புதிது. ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தபோது, அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் காணப்படும் அதே வகைச் சிதைவைக் கண்டார். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, அந்த விளையாட்டின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடிய 111 பேரின் மூளைகளைச் சோதித்து 110-இல் அந்தச் சிதைவு இருந்ததாக அறிவித்தது. இதை வைத்துக்கொண்டு, ஆடிய அத்தனை பேருக்கும் நோய் வரும் என்று சொல்வது பிழை. அவற்றில் பல, ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்ட குடும்பத்தார் தாமாக முன்வந்து கொடுத்த மூளைகள். இருந்தாலும் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. இந்த நோயை ஆள் உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய இன்னும் வழியில்லை, இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இருபது வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர், தான் எதற்குச் சம்மதித்தோம் என்பதை ஐம்பது வயதிலும் முழுதாக அறிவதில்லை.

தனிமனிதச் சுதந்திரத்துக்காகப் பேசுபவர்கள் தவறாமல் அழைக்கும் சாட்சி ஜான் ஸ்டூவர்ட் மில். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை என்று 1859-இல் எழுதியவர். அதே நூலில் பழுதான பாலம் ஒன்றையும் அவர் உதாரணமாகச் சொல்கிறார். ஆபத்து தெரியாமல் அதில் கால்வைக்கப் போகிறவரைப் பிடித்து இழுக்கலாம். தெரிந்தே போகிறவரை எச்சரிப்பதோடு விட்டுவிட வேண்டும். ஆனால் அவர் சிறுவராகவோ, புத்தி தெளிவற்றவராகவோ, நிதானித்து யோசிக்க முடியாத வேகத்தில் இருப்பவராகவோ இருந்தால் எச்சரிக்கையோடு நிறுத்த வேண்டியதில்லை என்று மில்லே விலக்குக் கொடுத்திருக்கிறார். பத்தாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்கிற வீரரைப் பாருங்கள். இடைவெளி அறுபது விநாடி. ஒருவர் வாயிலிருந்து பற்காப்பை எடுத்துத் தண்ணீரில் அலசுகிறார். இன்னொருவர் புருவத்து வெட்டில் வாசலின் அப்பி, வீங்கிய கன்னத்தில் குளிர்ந்த இரும்புத் துண்டை வைத்து அழுத்துகிறார். பயிற்சியாளர் காதோரம் கத்துகிறார். அரங்கம் அவர் பெயரைக் கூவுகிறது. ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும்’ என்றுதான் சொல்வார். பல ஆண்டுப் பயிற்சி அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு பதிலைத்தான். அடிபட்ட மூளையிடமே அடி எவ்வளவு என்று கேட்டு முடிவெடுப்பதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

அலியின் கடைசி ஆண்டுகளே இதற்குச் சாட்சி. மணிலாவில் வென்ற அவருக்கு அதன்பின் ஒரு ஃபட்ச் வாய்க்கவில்லை. 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் மோதிய பிறகு, ஓய்வு பெற்றுவிடும்படி அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ மன்றாடினார். பேச்சு எடுபடாததால் குழுவைவிட்டே விலகிக்கொண்டார். 1980-இல் மேயோ கிளினிக்கில் நடந்த பரிசோதனையில் பேச்சிலும் ஒற்றைக்காலில் துள்ளுவதிலும் தடுமாற்றம் பதிவானது. அதற்குப் பிறகும், சண்டைகளுக்கு அனுமதி தரும் நெவாடா மாநில ஆணையம் அவருக்கு லைசென்ஸ் கொடுத்தது. அக்டோபர் 2 அன்று, 38 வயதில், தன் பழைய ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) கூட்டாளியான லாரி ஹோம்ஸின் முன்னால் நின்று பத்து ரவுண்டு அடி வாங்கினார் அலி. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தியதால் பதினொன்றாவது ரவுண்டு இல்லாமல் போயிற்று. 1981 டிசம்பரில் பஹாமாஸில் மறுபடியும் ஒரு சண்டை. 1984-இல் பார்க்கின்சன் அறிகுறிகள் கண்டறியப்பட்டன. அந்த நோய்க்குக் குத்துச்சண்டைதான் காரணம் என்று மருத்துவர்கள் அறுதியிட்டுச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு சண்டைகளையும் நிறுத்தப் போதுமான காரணம் கண்ணெதிரே இருந்தது. அவரே விரும்புகிறாரே என்ற ஒரு பதிலின் பின்னால் எல்லாரும் ஒளிந்துகொண்டார்கள்.

வீரரின் பாதுகாப்புக்கு வேறொருவர் பொறுப்பேற்றால் என்ன மாறும் என்பதை லண்டனில் நடந்த இரண்டு சண்டைகள் காட்டுகின்றன. 1991 செப்டம்பர் 21 அன்று வைட் ஹார்ட் லேன் மைதானத்தில் மைக்கேல் வாட்சன், 11-ஆவது ரவுண்டில் கிறிஸ் யூபாங்கை வீழ்த்தினார். எழுந்த யூபாங்க் விட்ட அப்பர்கட்டில் வாட்சனே நிலைகுலைந்தார். அடுத்த ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தியபோது மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரிங்கருகே உயிர்காப்பு ஏற்பாடு போதுமானதாக இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இல்லை. 40 நாள் கோமாவில் கிடந்து, பல அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டி எழுந்த வாட்சன், பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது வழக்குப் போட்டார். வீரரின் பாதுகாப்புக்கு வாரியம் பொறுப்பேற்க வேண்டும் என்று 1999-இல் உயர் நீதிமன்றமும், 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. குத்து வாங்கச் சம்மதித்தவர், சிகிச்சையில்லாமல் கிடக்கச் சம்மதித்தார் என்று பொருளாகாது. இனி இரண்டாவது சண்டை. 1998 மே மாதம் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஸ்பென்சர் ஆலிவர் மூளையில் ரத்தக்கட்டியோடு சரிந்தார். வாட்சனின் கதிக்குப் பிறகு விதிகள் இறுகியிருந்ததால் ரிங்கருகிலேயே சிகிச்சை தொடங்கியது. ஆலிவர் அதன்பின் ரிங்கில் ஏறவில்லை, ஆனால் பிழைத்து, வர்ணனையாளராக வலம்வருகிறார்.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒரேயடியாகத் தடைசெய்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். நார்வே அதைச் செய்து பார்த்தது. 1981-இல் தொழில்முறைக் குத்துச்சண்டையை அங்கே தடைசெய்தார்கள். பெர்கன் நகரில் வளர்ந்த சிசிலியா பிரேக்ஹஸ் என்ன செய்தார்? ஜெர்மனிக்குப் போய் ஆடினார். 2014-இல் தன் எடைப்பிரிவின் அத்தனை உலகப் பட்டங்களையும் கைக்குள் கொண்டுவந்தபோதும் சொந்த நாட்டில் ஆட அவருக்குச் சட்டம் இடம்தரவில்லை. அந்த ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் நிபந்தனைகளோடு தடையை நீக்கியது, 2016-இல் அவர் ஆஸ்லோவில் ஆடினார். 1970-இல் தடைபோட்ட ஸ்வீடனும் பிற்பாடு அனுமதி முறைக்கு மாறிக்கொண்டது. தடையால் அந்தப் பெண்மணியின் தலையில் விழுந்த குத்து ஒன்றுகூடக் குறையவில்லை. அவரைக் கண்காணிக்கும் பொறுப்பைத்தான் நார்வே கைகழுவியிருந்தது.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. மணிப்பூரில் குத்தகை நிலத்தில் உழைத்த குடும்பத்திலிருந்து வந்து ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் மேரி கோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைத்துவிடாதா என்ற கனவோடு கையுறை மாட்டும் பிள்ளைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து வட சென்னையில் வேர்விட்ட குத்துச்சண்டை, பரம்பரை பரம்பரையாக உழைக்கும் மக்களின் விளையாட்டாக நிலைத்ததை, 2021-இல் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’ படம் இளையவர்களுக்கும் கொண்டுசேர்த்தது. வசதியானவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து இதையெல்லாம் வேண்டாம் என்பது, இருக்கிற ஓர் ஏணியையும் எடுத்துவிடுகிற வேலை. ஆனால் தேவை துரத்தி ரிங்குக்கு வருகிறவர், தானாக ஒருநாளும் இறங்க மாட்டார் என்பதையும் இதே உண்மை சொல்கிறது. கடன் இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும், தேர்வாளர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். தலை சுற்றுகிறது என்று எந்தப் பையன் வாயைத் திறப்பான்? விருப்பம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு, துண்டை ரிங்குக்குள் எறிந்து சண்டையை நிறுத்துகிற கை உறுதியாக இருந்தாக வேண்டும். வாத்தியார் சொன்னால் மறுபேச்சில்லை என்ற வழக்கம் நம் குத்துச்சண்டைக் கூடங்களில் உண்டு. அந்த அதிகாரம் பையனை ரிங்கில் ஏற்றுவதற்குப் பயன்படும் அளவுக்கு, இறக்குவதற்கும் பயன்பட வேண்டும்.

சிறுவர்கள் விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. மில்லின் விலக்கில் முதலில் வருவது அவர்கள்தான். பத்து வயதும் அதற்குக் குறைவுமான சிறுவர்கள் கால்பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் முடிவெடுத்தது. பந்துக்கே அந்தக் கவனம் என்றால் முஷ்டிக்கு எவ்வளவு வேண்டும்? காலடி வைப்பு, தற்காப்பு, பை குத்துவது, பேட் பயிற்சி என்று கற்றுக்கொள்ள ஆண்டுக்கணக்கில் விஷயம் இருக்கிறது. தலையில் அடி விழும் ஸ்பாரிங் பதின்வயதின் பின்பகுதி வரை காத்திருக்கலாம். சின்ன வயதிலேயே அடி வாங்கிப் பழகினால்தான் தைரியம் வரும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அடி வாங்கி வாங்கி மூளை பலப்பட்டதாக மருத்துவத்தில் சான்று எதுவும் இல்லை.

நடுவரோ மருத்துவரோ அவசரப்பட்டு நிறுத்தினால் ஜெயித்திருக்க வேண்டியவர் தோற்றுப்போவாரே என்பது கடைசி ஆட்சேபம். சில சமயம் அப்படி நடக்கும்தான். பறிபோன சண்டையை ஆறு மாதம் கழித்து மறுபடி ஆடிக்கொள்ளலாம். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் 14-ஆவது ரவுண்டுவரை நின்று, சில நாளில் இறந்த தென்கொரிய வீரர் கிம் டுக்-கூவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 15 ரவுண்டுப் பட்டச் சண்டைகளை 12 ஆகக் குறைக்க அந்த உயிர் போக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோவின் கொராகுவென் அரங்கில் ஒரே நிகழ்ச்சியில், தனித்தனிச் சண்டைகளில் ஆடிய இரண்டு வீரர்கள் மூளை ரத்தக்கட்டியால் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருக்கும் வயது 28. ஒருவர் 12 ரவுண்டையும் முடித்து, சண்டை டிரா என்று அறிவித்த பிறகு சரிந்தவர். அதன்பின் ஆசியப் பட்டச் சண்டைகளை 10 ரவுண்டாகக் குறைப்பதாக ஜப்பான் அறிவித்தது. பிணம் விழுந்த பிறகு விதி எழுதுகிற இந்த வழக்கத்தை மாற்ற முடியும். அமெச்சூர் விதிகளில் தலையடியால் நாக் அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் கட்டாய ஓய்வு உண்டு. மாவட்டப் போட்டிகளிலும் அன்றாடப் பயிற்சியிலும் அது நடைமுறைக்கு வர வேண்டும். பிள்ளையைக் குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்க்கப் போகும் பெற்றோர் இரண்டு கேள்வி கேளுங்கள். தலையில் பலத்த அடி விழுந்தால் எத்தனை நாள் ஓய்வு கொடுப்பீர்கள்? அதை முடிவு செய்வது யார்? இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.