விலை கொடுத்தது யார்?

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பற்றிப் பேசினால் உடனே வரும் பதில், “கம்பர் நடையில வைணவ பக்தியைத்தான் ஏசு பேர்ல பாடியிருக்கார்” என்பது. பாதி உண்மை. வைணவராகப் பிறந்து 1858ல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே உயிரைக் காப்பான் என்ற தென்கலை நியாயம், கிரியையால் அல்லாமல் கிருபையால் மட்டுமே இரட்சிப்பு என்ற சுவிசேஷக் கொள்கைக்கு மிக அருகில் நிற்கிறது.

ஆனால் ஓரிடத்தில் இரண்டும் பிரிகின்றன. தாய்ப்பூனை யாருடைய கடனையும் அடைப்பதில்லை. சுவிசேஷ நம்பிக்கையில் பாவத்துக்குத் தண்டனை உண்டு. இன்னொருவர் அதை ஏற்றே ஆகவேண்டும்.

ஜான் பனியனின் மூலத்தில் (1678) சிலுவையருகே பயணியின் முதுகுச்சுமை சட்டென்று கழன்று உருண்டுவிடும், அவ்வளவுதான். அவருடைய வாசகர்களுக்குச் சிலுவைக்கதை மனப்பாடம். கிருஷ்ணபிள்ளையோ ஏசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். பயணக்கதையின் ஓட்டத்தை அது தடுக்கிறது, சரிதான். ஆனால் எனக்குக் காவியத்தின் அச்சாகப் படுவது அந்தப் பகுதிதான். இறைவனின் கருணை தமிழ் வாசகனுக்குப் பழகியது. அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது என்பதுதான் புதுசு. அதைச் சொல்லத்தான் அத்தனை விருத்தங்கள் தேவைப்பட்டன.

‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்வது, அவரை வாசிக்காமலிருக்க நாம் கண்டுபிடித்த வழி.